முருங்கையிலையா, மாத்திரையா?

முதுமையைத் தள்ளிப்போடும், புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையோடு பலர் இன்று மருந்துக்கடைகளில் விலையுயர்ந்த மாத்திரைகளை வாங்குகின்றனர். 'ஒட்சியேற்ற எதிரிகள்' அவற்றில் உள்ளன என்று சொல்லப்படுகிறது. இவை எவை, எங்கே கிடைக்கும் என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது.

ஒட்சியேற்றம் என்பது என்ன?

மழையில் கிடக்கும் இரும்பு துருப்பிடிக்கிறது. நறுக்கி வைத்த வாழைப்பூ கறுக்கிறது. இரண்டிலும் ஒட்சிசனுக்குப் பங்குண்டு. நம் உடலும் ஒட்சிசனைக் கொண்டே உணவிலிருந்து சக்தியைப் பெறுகிறது. அப்போது 'சுயாதீன மூலிகங்கள்' உண்டாகின்றன. இவற்றிலே ஓர் இலத்திரன் சோடியின்றி நிற்பதால், அயலிலுள்ள கொழுப்பு, புரதம் முதலியவற்றிலிருந்து இலத்திரனைப் பறித்து அவற்றைச் சிதைக்கின்றன. அளவோடு இருந்தால் கிருமிகளை அழிக்க உதவும். அளவு மிஞ்சினால் தீங்கு. புகைபிடித்தல் இவற்றைப் பெருக்குகிறது. முதுமைக்கு இதுவே காரணம் என்ற கருத்தை அமெரிக்க அறிஞர் டென்ஹாம் ஹார்மன் 1956ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

ஒட்சியேற்ற எதிரிகள் தம் இலத்திரனைக் கொடுத்து இத்தாக்குதலைத் தணிக்கின்றன. தேசிக்காய்ச் சாறு விட்ட தண்ணீரில் வாழைப்பூவைப் போட்டால் எளிதில் கறுக்காது என்பது நம் தாய்மார் அறிந்ததே. அச்சாற்றின் புளிப்போடு விற்றமின் சியும் சேர்ந்து செய்யும் வேலை அது.

நம் வளவில் உள்ளவை

நாள் முழுதும் வெயிலில் நிற்கும் செடிகொடிகள் தம்மைக் காத்துக்கொள்ள இப்பொருட்களை ஆக்குகின்றன. அவற்றை உண்ணும் நாமும் பயன் பெறுகிறோம். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்நிலமாகிய பெரியகல்லாற்றிலும் முருங்கை தளிர்க்கும், பப்பாசி காய்க்கும். முருங்கையிலை, பொன்னாங்காணி, பப்பாசிப்பழம் ஆகியவற்றில் கரோட்டின் உண்டு. 100 கிராம் கொய்யாப்பழத்தில் சுமார் 200 மில்லிகிராம் விற்றமின் சி இருக்கிறது. தோடம்பழத்தில் ஏறத்தாழ 50 மில்லிகிராம்தான். நாவற்பழத்தின் ஊதா நிறமும் இத்தகைய பொருளே. வாவிக்கு அப்பால் படுவான்கரை வயல்களில் விளையும் சிவப்பு அரிசியின் தவிட்டிலும் இவை உள்ளன. வெள்ளையாகும்வரை தீட்டினால் தவிட்டோடு போய்விடும்.

மாத்திரை ஏன் போதாது?

கரோட்டின் நிறைந்த காய்கறிகளை உண்பவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கண்ட ஆய்வாளர், அதையே மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தனர். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தது. பீற்றா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடையே அந்நோய் 18 வீதம் அதிகமாயிருந்தது! அமெரிக்காவில் பீற்றா கரோட்டினோடு விற்றமின் ஏயும் கொடுத்து நடத்திய ஆய்விலும் நோய் 28 வீதம் கூடியதால், 1996இல் அதை இடையில் நிறுத்தினர்.

இதிலிருந்து இரு பாடங்கள். ஒன்று, இலையிலும் பழத்திலும் பல பொருட்கள் நாரோடு சேர்ந்து வேலை செய்கின்றன; ஒன்றை மட்டும் பிரித்துப் பெருமளவில் விழுங்குவது அதற்கு ஈடாகாது. மற்றொன்று, புகைப்பதற்கு மாத்திரை பரிகாரமாகாது; விட்டுவிடுவதே வழி.

அடுக்களையில் செய்யவேண்டியவை

1. நாளொன்றுக்கு ஒருவர் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ணவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

2. கீரையைக் கழுவியபின் நறுக்குங்கள். சிறிது நேரமே வேகவிடுங்கள். அதிக வெப்பத்தில் விற்றமின் சி அழியும்.

3. சுண்டலில் தேங்காய்ப்பூ சேர்ப்பது நல்ல வழக்கம். கரோட்டினை உடல் ஏற்கக் கொழுப்பு வேண்டும். இறக்கியபின் தேசிக்காய் பிழியுங்கள். இரும்புச்சத்தும் நன்கு சேரும்.

4. பல நிறங்களில் உண்ணுங்கள். ஒரே கீரையில் எல்லாம் கிடைக்காது.

ஓர் எச்சரிக்கை: நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ வைத்தியர் தந்த மருந்தைக் கீரையை நம்பி நிறுத்தவேண்டாம். சிறுநீரக நோயாளர்களும், இரத்தம் உறையாதிருக்க 'வார்பரின்' மருந்து எடுப்பவர்களும் உணவை மாற்றுமுன் வைத்தியரைக் கேட்கட்டும்.

பாபிலோனில் அரசனின் உணவை மறுத்த தானியேலும் தோழர்களும் பத்து நாள் மரக்கறி உணவும் தண்ணீருமே கொண்டு, மற்றவர்களைவிட நல்ல தோற்றத்தோடு நின்றார்கள் என்று திருமறை கூறுகிறது. அவர்களைக் காத்தது இறைப்பற்று. எளிய உணவு அவர்களைத் தாழ்த்திவிடவில்லை. நம் பிள்ளைகளோ முருங்கைச் சுண்டலை ஏழைகளின் கறி என்று ஒதுக்கப் பழகுகின்றனர். அப்பழக்கத்தை மாற்றப் பெற்றோரால் முடியும். இறைவன் நம் வளவிலே தந்ததை நன்றியோடு பறித்து, குடும்பமாக அமர்ந்து உண்போம். உடலைப் பேணுவதும் அவருக்குச் செலுத்தும் நன்றியே.