புகையான் பூச்சியின் அதிர்வுத் தூது

நன்கு விளைந்துவரும் நெல்வயலின் நடுவே வட்டம் வட்டமாகப் பயிர் கருகிச் சாய்வதைக் குடியானவர்கள் அறிவர். அக்கேட்டிற்குக் காரணம் புகையான் என்னும் பழுப்பு நிறத் தத்துப்பூச்சியாகும். நெல்மணியினும் சிறியதாகிய இது, நீர்மட்டத்தை ஒட்டித் தூரின் அடியில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சுகின்றது.

இத்துணைச் சிறிய பூச்சி, எண்ணற்ற தூர்களுக்கிடையே தன் துணையை எவ்வாறு கண்டறிகின்றது? ஜப்பானிய ஆராய்ச்சியாளரான இச்சிகாவா, இஷி என்னும் இருவர் 1974-ஆம் ஆண்டில் இதனை விளக்கினர். பெண் பூச்சி தண்டில் அமர்ந்து தன் வயிற்றை மேலும் கீழுமாக விரைந்து அசைக்கின்றது. அவ்வசைவு கால்களின் வழியே தண்டில் இறங்கி, அதிர்வாகப் பரவுகின்றது. நம் செவிக்கு எட்டாத அவ்வதிர்வை ஆண் பூச்சி உணர்ந்து, தானும் அதிர்வெழுப்பி விடையளிக்கின்றது. பின்னர்ச் சிறிது நடப்பதும், நின்று அழைப்பதும், விடை பெற்று மீண்டும் நடப்பதுமாகப் பெண்ணை அடைகின்றது. இழுத்துக் கட்டிய கயிற்றின் ஒரு முனையைத் தட்டினால், மறுமுனையைப் பற்றியவர் கை அதனை உணர்வதை ஒக்கும் இது. ஒரு தூரின் இலை அடுத்த தூரின் இலையைத் தொட்டிருப்பின், தூது அவ்வழியாகவும் செல்லும்.

கூடிய பெண், இலையுறையினுள் சில நூறு முட்டைகள் இடும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தோன்றிவிடும். ஆதலின், கண்ணுக்குக் கருகல் தெரியும்போது பூச்சி பல்கிப் பெருகியிருக்கும்.

அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை இவை:

1. வாரம் ஒருமுறை வயலில் இறங்கி, தூர்களை விலக்கி அடியைப் பார்த்தல்.

2. நடவில் 8 அடிக்கு 1 அடி இடைவெளி விட்டு, வெயிலும் காற்றும் தூரின் அடியில் படச் செய்தல்.

3. தழைச்சத்து உரத்தை அளவோடு இடுதல். பூச்சி கண்டால் நீரை வடித்துவிடுதல்.

4. கண்டபடி மருந்து தெளியாதிருத்தல். மருந்து, புகையானைத் தின்னும் சிலந்திகளையும் கொல்லும். அவை மடிந்தபின் புகையான் முன்னிலும் பெருகும். இந்தோனேசியாவில் இவ்வாறு பயிர் அழிந்தமையால், அந்நாட்டு அரசாங்கம் 1986-ஆம் ஆண்டில் நெல்லுக்கு 57 வகை மருந்துகளைத் தடை செய்தது.

5. அண்டை வயல்காரர்கள் கலந்துபேசி ஒரே காலத்தில் நடுதல். முன்னும் பின்னுமாக நட்டால், பூச்சிக்கு ஓயாமல் இளம்பயிர் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

புகையானுக்கு வரப்பு ஒரு தடையன்று. ஒருவர் வயலைக் காத்து மற்றவர் வாளாவிருந்தால் பயனில்லை. ஆகவே இவ்விஷயத்தைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் யாவரும் கூடி ஆலோசித்து, நடவுக்கு முன்னரே முடிவு செய்தல் நலம்.