பஸ்ஸை எடுப்பவர் யார்?

அதியமான்கோட்டை நிறுத்தத்தில் தர்மபுரி பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் காதில் விழுவதைக் குறித்துக்கொண்டாலே அரை அகராதி தேறிவிடும். பலகைக்கோ துண்டறிக்கைக்கோ போக்குவரத்துச் சொற்களைத் தமிழாக்குபவர்களுக்கு, அங்கே நின்று சேர்த்த சில குறிப்புகள்.

செய்ய வேண்டியவை

• வேலையைச் செய்வது யார் என்று முதலில் பாருங்கள். ஆங்கிலத்தில் பயணிகூட பஸ்ஸை 'டேக்' பண்ணுகிறார். நம் ஊரில் வண்டியை எடுப்பவர் டிரைவர் மட்டும்தான். பயணி பஸ் ஏறுவார், பிடிப்பார், தாமதமானால் விட்டுவிடுவார். 'பேருந்தை எடுத்து சேலம் செல்லவும்' என்று எழுதினால் யாரோ வண்டியைக் கடத்தச் சொல்கிறார்கள் என்றாகிவிடும்.

• ஊன்றிவிட்ட சொற்களைத் தயங்காமல் எழுதுங்கள்: ஓட்டுநர், நடத்துநர், பயணச்சீட்டு, புறவழிச்சாலை, வேகத்தடை, சுங்கச்சாவடி.

• 'டிரிப்' வந்தால் 'நடை'யை நினையுங்கள். லாரி நாளைக்கு மூன்று நடை அடிக்கிறது. பண்டிகைக்குக் கூடுதல் நடை விடுகிறார்கள். 'பயணம்' அங்கே பொருந்தாது.

• எச்சரிக்கையில் ஓட்டுகிறவரின் சொல்லையே வையுங்கள். அதியமான்கோட்டைக்குத் தெற்கே தொப்பூர் கணவாய். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அதன் வழியேதான் இறங்குகிறது. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிவிடுகிறவர்கள் உண்டு. கியர் பிடிப்பு போனால் மொத்தப் பாரத்தையும் பிரேக்தான் தாங்க வேண்டும். அது சூடேறி, பிடிக்காமல் போகும். அந்த இறக்கத்தில் 'நடுநிலைப் பல்லிணைப்பில் இயக்குவதைத் தவிர்க்கவும்' என்று எழுதினால், படித்து முடிப்பதற்குள் வளைவு வந்துவிடும். 'நியூட்ரலில் இறக்காதீர்' போதும்.

செய்யக்கூடாதவை

• பேருந்து நிலைத்துவிட்டது என்பதற்காகக் கண்டதற்கெல்லாம் 'உந்து' ஒட்டாதீர்கள். மகிழுந்து பாடநூலோடு நின்றுவிட்டது. ஆட்டோவுக்குத் 'தானி' என்கிறார்கள், ஸ்டாண்டில் போய் "தானி வருமா?" என்று கேட்டுப் பாருங்கள்! மிதிவண்டி அப்படியில்லை, சொல்லிலேயே கால் தெரிகிறது.

• ஓசூருக்குப் பிரியும் சாலையைக் காட்ட 'இடதை எடுக்கவும்' வேண்டவே வேண்டாம். 'இடப்பக்கம் திரும்பவும்' என்று எழுதுங்கள். வாய்ப்பேச்சில் "லெஃப்ட்ல ஒடிங்க" என்பார்கள். எனக்குப் பிடித்தது அதுதான், பலகையில்தான் போட முடியாது.

• பழைய சொல் அகப்பட்ட மகிழ்ச்சியில் பொருளைக் கோட்டை விடாதீர்கள். இது என் சொந்தத் தப்பு. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார் (புறநானூறு 102), உப்பு வணிகர் வண்டியைக் காட்டுகிறார். இளம் எருதுகள், நிறைந்த பாரம், வழியெல்லாம் மேடு பள்ளம். அச்சு முறிந்தால் மாற்ற வண்டிக்கு அடியில் இன்னொன்றைக் கட்டியிருக்கிறார்கள். அதுதான் சேம அச்சு. இந்த மண்ணின் சொல்லே கிடைத்துவிட்டது என்று ஸ்டெப்னிக்கு அதைப் போட்டு ஒரு குறிப்பு எழுதினேன். அச்சு வேறு, சக்கரம் வேறு என்பது பிறகுதான் உறைத்தது. ஸ்டெப்னியும் ஓர் ஊர்க்கதைதான்: வேல்ஸில் லானெல்லி என்ற ஊரின் தெருப்பெயர், உதிரிச் சக்கரம் 1904இல் அங்கே உருவானது. இப்போது எழுத்தில் 'மாற்றுச் சக்கரம்' என்கிறேன். பஞ்சர் கடையில் ஸ்டெப்னி என்று சொன்னால்தான் ஆள் எழுந்து வருவார்.