கயிற்றைக் கடித்து உயர்ந்தவர்

எட்கார் தெகா என்றதும் நடன மங்கையரே நம் நினைவுக்கு வருவர். அந்தப் பிரெஞ்சு ஓவியர் சர்க்கஸ் பெண்மணி ஒருவரையும் வரைந்திருக்கிறார். 'பெர்னாந்தோ சர்க்கஸில் மிஸ் லா லா' என்னும் அவ்வோவியம் 1879இல் தீட்டப்பட்டது. இன்று லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது. நான் கண்டது அதன் அச்சுப்படியைத்தான். எனினும் அதில் ஓவியரைவிட அப்பெண்மணியே எனக்குப் பெரியவராகத் தெரிகிறார்.

யார் அவர்? இயற்பெயர் ஆன்னா ஓல்கா ஆல்பெர்டினா பிரவுன். 1858இல் ஸ்டெட்டின் நகரில் பிறந்தவர். அன்று பிரஷ்யாவுக்கு உரியதாயிருந்த அந்நகரம் இன்று போலந்தில் உள்ளது. தந்தை கறுப்பினத்தவர், தாய் வெள்ளையர். ஐரோப்பாவிலேயே பிறந்து வளர்ந்த இவரைத்தான் சர்க்கஸ் விளம்பரங்கள் 'கறுப்பு வீனஸ்' என்று கூவி விற்றன!

அவர் செய்த வித்தையைக் கேளுங்கள். ஊஞ்சலில் முழங்கால்களை மாட்டித் தலைகீழாகத் தொங்குவார். சங்கிலியில் கட்டிய பீரங்கி ஒன்று அவர் பற்பிடியில் தொங்கும். அந்நிலையிலேயே பீரங்கி வெடிக்கும், பிடி தளராது. 'பீரங்கிப் பெண்' என்ற பெயர் அவருக்கு இப்படித்தான் வந்தது.

பாரிஸில் மோன்மார்த்ர் பகுதியில் இருந்தது பெர்னாந்தோ சர்க்கஸ். 1879 ஜனவரியில் தெகா அங்கே திரும்பத் திரும்பச் சென்று அவரைப் பல படிகளாக வரைந்து பழகினார். ஆனால் பீரங்கிக் காட்சியை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. கயிற்றின் முனையைப் பற்களால் கவ்விக்கொண்டு கூரையை நோக்கி உயரும் கணத்தையே எடுத்துக்கொண்டார். கைகள் விரிந்திருக்கின்றன, முழங்கால்கள் மடிந்திருக்கின்றன. பார்வையாளர் எவரும் படத்தில் இல்லை. கீழே தரையும் இல்லை. அண்ணாந்து பார்க்கும் கூட்டத்தில் நாமே ஒருவராகி விடுகிறோம். உருவத்தையும் நடுவில் வைக்காமல் இடப்புறம் மேலே ஒதுக்கிவிட்டார். மிச்ச இடமெல்லாம் செம்மஞ்சள் கூரையும் அதைத் தாங்கும் சட்டங்களுமே. இத்தனை கனமான கட்டடத்தினிடையே ஓர் உடல் மட்டும் எதன்மேலும் நிற்கவில்லை.

முகம் அண்ணாந்திருப்பதால் நமக்குச் சரியாகத் தெரிவதில்லை. கறுப்பினப் பெண் என்பதால் முகத்தை மறைத்துவிட்டாரோ என்று முதலில் எனக்கும் ஐயம் எழுந்தது. தெகாவின் தாய்வழி உறவினர் நியூ ஆர்லியன்சில் பருத்தி வணிகம் செய்தவர்கள். 1873இல் அவர் வரைந்த அவ்வூர்ப் பருத்தி அலுவலக ஓவியத்தில் இருப்போர் எல்லோரும் வெள்ளையர். பருத்தி பறித்த கைகள் அதில் இல்லை. ஆகவே ஐயம் வீணானதன்று. ஆயினும் கயிற்றைக் கவ்விய வாய்க்கு அண்ணாந்துதானே ஆகவேண்டும்? இங்கே முகத்தை மறைப்பது அவருடைய தொழிலே என்று நான் கொள்கிறேன். விளம்பரக்காரர் ஒட்டிய ஆப்பிரிக்கப் பகட்டு எதையும் தெகா சேர்க்கவில்லை. உழைக்கும் உடலை வரைந்தார்.

அத்தொழிலின் ஆபத்தும் சிறிதன்று. அவருடன் இணைந்து ஆடிய தியோஃபிலா ஸ்டெர்க்கர் 1888இல் ஊஞ்சலிலிருந்து விழுந்து இறந்தார். அதே ஆண்டில் ஓல்கா, இமானுவேல் உட்சன் என்னும் கறுப்பின அமெரிக்க சர்க்கஸ் கலைஞரை மணந்தார்; மூன்று பெண் மக்கள் பிறந்தனர். 2024இல் லண்டன் தேசிய ஓவியக் கூடம் இவருக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியபோது, ஓவியத்தோடு இவருடைய நிழற்படங்களும் வைக்கப்பட்டன.