ஓட்டையுள்ள படகு மூழ்காதா? கயாக் வாங்கும் முன் ஒரு கணக்கு



சென்ற மாதம் வகுப்பு முடிந்ததும் நான்காம் படிவ மாணவன் ஒருவன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். யாரோ விற்பனைக்குப் போட்டிருந்த பழைய கயாக் படகு.

"டீச்சர், அப்பா இதை வாங்கலாம் என்கிறார். நாங்கள் இரண்டு பேரும் பேராக் ஆற்றில் துடுப்புப் போடப் போகிறோம். ஆனால், அடியில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறதே, மூழ்கிவிடாதா?"

நல்ல கேள்விதான். ஆனால், அதைவிட முக்கியமான ஒன்று அந்தப் படத்தில் இருந்தது. அந்தப் படகில் இருக்கை ஒன்றுதான்! இரண்டையும் சேர்த்தே இன்று பார்ப்போம்.

ஓட்டைகள் எதற்கு?

கயாக்கில் இரண்டு முக்கிய வகைகள் உள்ளன. ஒன்றில், படகின் குழிக்குள் காலை நீட்டி உட்கார வேண்டும். மற்றொன்றில், மூடிய படகின் மேல்தளத்தில் உட்கார வேண்டும். மாணவன் காட்டியது இந்த இரண்டாம் வகை. இதன் உடல், காற்று நிறைந்த, நாலாபுறமும் அடைத்த ஒரு கூடு. நீங்கள் பார்க்கும் ஓட்டைகள் இந்தக் கூட்டுக்குள் திறப்பதில்லை. மேல்தளத்திலிருந்து அடிப்பகுதி வரை செல்லும் குழாய்கள் அவை. மேல்தளம் ஆற்றின் நீர்மட்டத்தைவிட உயரமாக இருக்கும்வரை, தளத்தில் தெறிக்கும் நீர் அவற்றின் வழியே கீழே வடிந்துவிடும்.

படகு கவிழ்ந்தால்தான் இதன் அருமை தெரியும். உள்ளே அமரும் கயாக்கில் 100 லிட்டர் நீர் புகுந்தால், படகோடு இன்னும் 100 கிலோகிராம் சேர்ந்துவிடும். மேலே அமரும் கயாக்கை நிமிர்த்தினால் போதும், நீர் தானே வடியும். பழகியவர் மறுபடியும் ஏறிக்கொள்ளலாம். கால்கள் குழிக்குள் சிக்கவும் வாய்ப்பில்லை.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. மேலே உட்காருவதால் ஈர்ப்பு மையம் உயர்கிறது. நிலைத்தன்மை குறையாமலிருக்க, படகை அகலமாகச் செய்கிறார்கள். அகலமான படகு அதிக நீரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஆகவே வேகம் குறையும், கை விரைவில் சோர்ந்துவிடும்.

ஆர்க்கிமிடிஸ் சொல்லும் கணக்கு

மிதக்கும் பொருள், தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை இடம்பெயர்க்கும். 1 லிட்டர் நீரின் நிறை ஏறக்குறைய 1 கிலோகிராம். இதை வைத்து அந்தக் குடும்பத்தின் கணக்கைப் போட்டோம்.

படகு 24 கிலோகிராம். அது தாங்கக்கூடிய சுமை 125 கிலோகிராம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. அப்பா 82, மகன் 51, ஐஸ் பெட்டியும் குடிநீரும் 9. மொத்தச் சுமை 142 கிலோகிராம். வரம்பைவிட 17 கிலோகிராம் அதிகம்.

"பதினேழுதானே, டீச்சர்?" என்றான்.

நீர்மட்டத்தில் படகின் பரப்பளவு சுமார் 1.5 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு 15 கிலோகிராமுக்கும் படகு 1 சென்டிமீட்டர் தாழும். 17 கிலோகிராமுக்கு 1 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். கேட்கச் சிறியதாகத்தான் இருக்கும். ஆனால் இருக்கை நீர்மட்டத்திலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அதோடு, ஒற்றை இருக்கைப் படகில் இருவர் ஏறினால் சுமை ஒரு முனைக்குப் போய், அந்த முனை இன்னும் அதிகமாகத் தாழும்.

அப்போது அதே ஓட்டைகள் வழியாக நீர் மேலேறி வரும். கூடு அடைத்திருப்பதால் படகு உடனே மூழ்காது. ஆனால் தளத்தில் நிற்கும் நீர், படகு சாயும் பக்கமெல்லாம் ஓடி, அதை இன்னும் சாய்க்கும்.

ஓடும் நீரின் விசை

3 மீட்டர் நீளமுள்ள படகு, விழுந்து கிடக்கும் மரத்தில் குறுக்காகச் சிக்கிக்கொள்கிறது. 10 சென்டிமீட்டர் நீருக்குள் இருக்கிறது. மோதும் பரப்பு 0.3 சதுர மீட்டர். ஆறு விநாடிக்கு 1 மீட்டர் ஓடினால், விநாடிக்கு 300 கிலோகிராம் நீர் வந்து மோதும். அந்த நீர் முழுவதும் நின்றுவிடுகிறது என்று கொண்டால், விசை 300 நியூட்டன். வேகம் இரண்டு மடங்கானால்? மோதும் நீர் 600 கிலோகிராம், அதன் வேகமும் இரட்டிப்பு. விசை 1200 நியூட்டன்! ஏறக்குறைய 120 கிலோகிராம் நிறையுள்ள பொருளின் எடை. கையால் தள்ளி விடுவிக்க முடியுமா?

அதனால், படகைத் தேர்ந்தெடுக்கும் முன் ஆற்றைப் பாருங்கள். கோலகங்சார் பக்கம் பேராக் ஆறு அகலமாக ஓடுகிறது. இருந்தாலும், அதன் மேல்பகுதியில் செண்டரோ உட்பட நான்கு அணைகள் உள்ளன. நீர் திறந்துவிடப்படும்போது மட்டமும் வேகமும் மாறும். கோலகுபு பாருவில் சிலாங்கூர் ஆறு பாறைகளுக்கிடையே பாய்கிறது. அமைதியான நீருக்கென்று செய்த அகலமான கயாக் அங்கே பொருந்தாது. மலையில் மழை பெய்தால் 'கெப்பாலா ஆயர்' எனும் திடீர் நீர்ப்பெருக்கு வரும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் வரும்.

பழைய படகா? கவனியுங்கள்

ஓட்டைகளைச் சுற்றியும் அடிப்பகுதியிலும் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். முடிந்தால் ஆழமற்ற நீரில் சிறிது நேரம் மிதக்கவிட்டுக் கரையேற்றி, வடிகால் அடைப்பைத் திறந்து பாருங்கள். கூட்டுக்குள் 10 லிட்டர் நீர் புகுந்திருந்தால், நீங்கள் ஏற்றக்கூடிய சுமையில் 10 கிலோகிராம் போய்விட்டது என்று பொருள். லைஃப் ஜாக்கெட்டுக்கான பணத்தைப் படகின் விலையோடு சேர்த்தே எண்ணுங்கள். அது கைக்கு எட்டவில்லை என்றால், படகும் எட்டவில்லை.

செய்து பாருங்கள்

இறுக்கமான மூடியுள்ள 1 லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவை நிறுத்துக்கொள்ளுங்கள். நீர் நிறைந்த வாளியில் மிதக்கவிட்டு, மூடியின் நடுவில் சிறு கற்களை ஒவ்வொன்றாக வையுங்கள். எத்தனை கிராமில் மூடி நீர்மட்டத்தைத் தொடும்? முதலில் கணித்து எழுதுங்கள். பிறகு, அதே கற்களை ஓர் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். அப்போதும் அத்தனை சுமையைத் தாங்குகிறதா?

அந்த மாணவன் கணக்கைத் தாளில் எழுதி வீட்டுக்குக் கொண்டுபோனான். அப்பா அந்தப் படகை வாங்கவில்லை. பள்ளி விடுமுறையில், இருவர் அமரும் கயாக் ஒன்றை வாடகைக்கு எடுத்து, முதலில் ஏரியில் பழகினார்களாம். "கை வலிக்கிறது, டீச்சர்" என்று திங்கட்கிழமை வந்து சொன்னான்.