“கட்டாதீங்க, தள்ளுபடி ஆயிரும்!”

போன மாதம் ஒரு காதுகுத்து வீட்டுப் பந்தியில் எதிர் இலைக்காரர் பக்கத்து இலைக்காரருக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். “பையனோட எஜுகேஷன் லோனா? ஒரு பைசா கட்டாதீங்க மாப்ள. எலெக்‌ஷன் வந்தா எல்லாம் தள்ளுபடி ஆயிரும். கட்டினவன்தான் ஏமாளி.” எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

பொதுத்துறை வங்கி ஒன்றில் 31 வருஷம் குப்பை கொட்டியவன் நான். அதில் கடைசி ஒன்பது வருஷம் கிளை மேலாளர். இந்த வதந்தியைத் தேர்தலுக்குத் தேர்தல் கேட்டு அலுத்துவிட்டது. 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. அறிக்கையில் கல்விக்கடன் ரத்து இருந்தது. 2024-ல் காங்கிரஸ் அறிக்கை, மார்ச் 15 வரையுள்ள பாக்கியை வட்டியோடு சேர்த்துத் தள்ளுபடி செய்வோம் என்றது. அறிக்கை வேறு, அரசாணை வேறு. 2023-ல் நான் ஓய்வு பெற்ற நாள் வரை அப்படி ஓர் ஆணை என் மேசைக்கு வரவில்லை.

“பயிர்க்கடனைத் தள்ளுபடி பண்ணலையா?” என்பார்கள். பண்ணினார்கள். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. அது கூட்டுறவுக் கடன், மாநில அரசின் கைக்குள் இருக்கும் சங்கங்களின் கடன். உங்கள் பிள்ளை வாங்கியது தேசியமயமாக்கப்பட்ட வங்கியில். கோட்டையிலிருந்து உத்தரவு போட்டு அந்தக் கணக்கை முடிக்க முடியாது. யாராவது அந்தப் பணத்தை வங்கிக்கு எண்ணி வைத்தால்தான் முடியும். 2014 இடைக்கால பட்ஜெட்டில் மத்திய அரசு ஒரு சலுகை தந்தது உண்மை. 2009 மார்ச் வரை வாங்கிய கடன்களுக்கு, 2013 டிசம்பர் 31 வரை சேர்ந்திருந்த வட்டி பாக்கியை அரசே ஏற்றது. கவனியுங்கள், வட்டியை மட்டும். அசலை மாணவன்தான் கட்டினான்.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் பத்திரிகைகள். வங்கியில் ‘வைவர்’ என்றால் கடன் ஒழிந்தது. ‘ரைட் ஆஃப்’ என்றால் தலைமை அலுவலகம் வாராக்கடனைத் தன் ஐந்தொகையிலிருந்து கழித்துக்கொண்டது, அவ்வளவுதான். கிளைக் கணக்கில் பாக்கி அப்படியே நிற்கும், வசூலும் நடக்கும். இரண்டுக்கும் தமிழில் ‘தள்ளுபடி’ என்றே தலைப்புப் போட்டால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? ‘பல லட்சம் கோடி தள்ளுபடி’ என்று படித்துவிட்டு, நம் நான்கு லட்சம் எம்மாத்திரம் என்று காலை நீட்டிக்கொள்கிறார்கள்.

2019-ல் ஒரு விசைத்தறித் தொழிலாளி மக்கள் நீதிமன்ற நோட்டீஸை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். மகனுக்கு மெக்கானிக்கல் படிக்க 2010-லிருந்து வருஷம் 65,000 வீதம் 2,60,000 வாங்கியிருந்தார். பையன் ஓசூரில் வேலையில் இருந்தான். ஒரு தவணைகூடக் கட்டவில்லை. பாக்கி 5,90,000 சொச்சம். “தள்ளுபடி ஆயிரும்னு எங்கூரு கவுன்சிலர் சொன்னாருங்க சார்” என்றார். அவர் வந்தது நோட்டீஸுக்குப் பயந்துகூட இல்லை. தறி வாங்க வேறொரு வங்கியில் கடன் கேட்டிருக்கிறார், சிபில் அறிக்கையைப் பார்த்துவிட்டு இல்லை என்றுவிட்டார்கள். கல்விக்கடனில் அப்பாவும் உடன் கடனாளி என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. வட்டியில் ஒரு பகுதியைக் குறைத்து ஒரே தவணையில் முடித்துக்கொடுத்தோம். சிபிலில் ‘குளோஸ்டு’ என்று வராது, ‘செட்டில்டு’ என்றுதான் வரும் என்றேன். ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம் என்றார். அடுத்த கடன் கேட்டுப் போகும்போது தெரியும் என்று சொல்ல மனசு வரவில்லை.

இதில் கொடுமை வேறு. படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பின் ஒரு வருஷத்துக்குமான வட்டியே அவருக்கு ஒரு லட்சத்துக்கு மேல். குடும்ப வருமானம் நான்கரை லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புக் கடனில் அந்த வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் 2009-லிருந்து இருக்கிறது. அவர் செய்ய வேண்டியிருந்தது வருமானச் சான்றிதழ் ஒன்றைக் கொடுப்பது. அவரும் கொடுக்கவில்லை, எங்கள் கிளையிலும் யாரும் கேட்டு வாங்கவில்லை. கவுன்சிலர் சொன்ன தள்ளுபடி வராமலே போனது, வந்திருக்க வேண்டிய சலுகையும் கைவிட்டுப் போனது.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு இடம் தர முடியாது. ‘வீட்டுப் பத்திரம் இல்லாமல் தர மாட்டார்கள்’: நான்கு லட்சம் வரை பிணை கேட்கவே கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. ‘உங்கள் ஏரியா கிளைக்குப் போங்கள்’: அந்தக் காரணம் சொல்லி விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று 2012-லேயே சொல்லியாயிற்று. ‘அப்பாவின் சிபில் கெட்டிருந்தால் பிள்ளைக்குக் கிடைக்காது’: அதை மட்டும் காரணமாக வைத்து மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2020-ல் தீர்ப்புச் சொன்னது.

இன்னொன்றுக்கு மட்டும் கொஞ்சம் கோபப்பட வேண்டியிருக்கிறது. ‘கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் கடன் தானாக அடையும், ஆர்ட்ஸ் எடுத்தால் தெருவில் நிற்கணும்.’ சாஃப்ட்வேர் சேவை நிறுவனங்கள் புதியவர்களுக்குத் தரும் ஆண்டுச் சம்பளம் பத்து வருஷத்துக்கும் மேலாக மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது, கட்டணம் அப்படி நிற்கவில்லை. அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். படிப்பவளுக்குக் கடனே தேவைப்படாது. என் கிளையில் வாராமல் போன கணக்குகளைப் புரட்டினால் பாடத்தின் பெயரைவிட அடிக்கடி கண்ணில் பட்டது அரியர். எட்டு, பத்துப் பேப்பர் அரியர் வைத்துப் பட்டம் வாங்காமலே வெளியே வந்தவனால்தான் கட்ட முடியவில்லை, அவன் எந்தப் பிரிவாக இருந்தாலும். பிள்ளைக்குக் கணக்கு வராது என்று தெரிந்தும், கவுன்சிலிங்கில் கிடைக்காத கம்ப்யூட்டர் சயின்ஸை மேனேஜ்மென்ட் கோட்டாவில் வாங்கித் தரும் அப்பாக்களை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. ரசீது இல்லாமல் கொடுக்கும் நன்கொடைக்கு எந்த வங்கியும் கடன் தராது. அது கந்துவட்டியில் வந்த பணமாக இருக்கும்.

என் பழைய பல்லவியையும் பாடிவிடுகிறேன். வருஷம் ஒரு லட்சம், நான்கு வருஷம், 10 சதவீத வட்டி என்று வையுங்கள். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழியும்போது வட்டி மட்டும் 1,40,000. பத்து வருஷத்துக்கு மாதம் ஏறக்குறைய 7,140 கட்ட வேண்டும். முதல் மாதத்திலிருந்தே வட்டியை மட்டும் கட்டி வந்தால்? முதல் வருஷம் மாதம் 833 ரூபாய். பல வங்கிகள் அப்படிக் கட்டுபவர்களுக்கு ஒரு சதவீதம் வட்டி குறைக்கின்றன. அந்த 833-ஐ ரீசார்ஜுக்கும் பிரியாணிக்கும் கொடுக்கும் வீடுகள் எத்தனை!

கடன் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே கிளைக்குப் போய் மூன்றைக் கேளுங்கள்: இன்றைய பாக்கி எவ்வளவு, வட்டி மானியம் பதிவாகியிருக்கிறதா, உடன் கடனாளி யார். வட்டாட்சியர் அலுவலக வருமானச் சான்றிதழைக் கையோடு எடுத்துப் போங்கள்.