எழுத்தெண்ணி இனமறிதல்

யானையையும் எறும்பையும் வேறுபடுத்தி அறிய நூலறிவு வேண்டுவதில்லை. கண் ஒன்றே போதும். ஆயின், நுண்பெருக்கியில் நோக்கினும் வெறும் புள்ளியாகவும் கோலாகவுமே தோன்றும் நுண்ணுயிர்களுள் எது எதற்கு உறவு என்று அறிவது எங்ஙனம்? நெடுங்காலம் அறிஞரைத் திகைக்க வைத்த இவ்வினாவிற்கு, எழுத்துகளை எண்ணுவதால் விடை கிடைத்தது.

உயிர்களின் மரபுச் செய்தி டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் பொறிக்கப்பட்டுள்ளது. அதன் நெடுங்கணக்கில் ஏ, டி, ஜி, சி என நான்கே எழுத்துகள். மனிதனது இழைத்தொகுதியில் அவை ஏறத்தாழ 300 கோடி உள. அவற்றுள் சியும் ஜியும் தனித்தனியே நூற்றுக்கு ஏறக்குறைய 20 ஆகும். எழுத்துகள் தற்செயலாக அடுக்கப்பட்டிருப்பின், சியை அடுத்து ஜி வரும் இணை நூற்றுக்கு 4 இடங்களிலேனும் காணப்பட வேண்டும். காணப்படுவதோ ஏறத்தாழ 1. ஜியின் முன் நிற்கும் சி, மீதைல் என்னும் அணுத்தொகுதியை ஏற்று, காலப்போக்கில் டியாகத் திரிந்துவிடுவதே இதற்குக் காரணம். நம் குடலில் வாழும் ஈ.கோலி என்னும் பாக்டீரியத்தில் இக்குறைபாடு இல்லை. செய்தியின் பொருளறியாதவனும் எண்ணிப் பார்த்தே இவ்வேற்றுமையை உணரலாம் அன்றோ?

அமெரிக்க நாட்டின் இல்லினாய் பல்கலைக்கழகத்து அறிஞர் கார்ல் வோஸ் இவ்வழியிலேயே சென்றார். அக்காலத்தில் இழை முழுவதையும் படித்தல் இயலாது. ஆதலின், டி.என்.ஏ.வினின்று படியெடுக்கப்பட்டு, புரதம் ஆக்குவதில் துணைபுரியும் ஆர்.என்.ஏ. ஒன்றை அவர் தேர்ந்தார். பாக்டீரியங்களில் அதன் நீளம் சுமார் 1,500 எழுத்துகள்; அதற்கு நிகரான ஒன்று எல்லா உயிர்களிலும் உண்டு. அதனை நொதி ஒன்றினால் ஜி வருமிடந்தோறும் வெட்டினார். ஒவ்வொரு துண்டும் ஜியில் முடியும். இடையில் வேறு ஜி இராது. எனவே மூன்றெழுத்துத் துண்டுகள் 9 வகையே. அவை எவ்வுயிரிலும் தற்செயலாக ஒத்துவிடும். ஆறெழுத்தாயின் 243 வகை. ஆதலால் ஆறும் அதற்கு மேலும் எழுத்துடையவற்றையே அவர் கணக்கிற் கொண்டார். இரண்டு உயிர்களுக்கும் பொதுவான துண்டுகளின் எழுத்துகளைக் கூட்டி, இரட்டித்து, இரு பட்டியல்களின் மொத்த எழுத்துகளால் வகுத்தார். ஈவு 1 எனின் பட்டியல்கள் ஒன்றே. சுழியை நெருங்கின் உறவு மிகத் தொலைவு. கதிரியக்கத்தாற் கரும்புள்ளிகள் பதிந்த படலங்களை ஒளிப்பலகையில் இட்டு, ஆண்டுக்கணக்கில் அவர் நோக்கியிருந்தார். சலிப்பூட்டும் வேலைதான், பிறர் அதனை மேற்கொள்ளத் தயங்கியதில் வியப்பில்லை.

சேற்றிலும் மாட்டின் வயிற்றிலும் காற்றுப்படாது வாழ்ந்து மீதேன் வாயுவை வெளியிடும் நுண்ணுயிர்கள் சில உள. தோற்றத்தால் அவை பாக்டீரியங்களே. ஆனால் பாக்டீரியங்களோடு அவற்றை ஒப்பிட்டபோது கிடைத்த ஈவு ஏறத்தாழ 0.1. செடி, விலங்கு முதலியவற்றோடும் அவை நெருங்கவில்லை. எனவே இவை மூன்றாவதொரு பேரினம் என்று வோசும் ஜார்ஜ் ஃபாக்ஸும் 1977-இல் அறிவித்தனர். உயிருலகு இருவகைத்து என்றே கற்றும் கற்பித்தும் வந்த உயிரியலார் பலர் இதனை ஏற்க மறுத்தனர். வோஸ் தம் முடிவினின்று பின்வாங்கவில்லை. 1990-இல் அப்பேரினத்திற்கு ஆர்க்கியா என்னும் பெயர் முன்மொழியப்பட்டது. 1996-இல், கடலடி வெந்நீர் ஊற்றில் வாழும் ஆர்க்கியா ஒன்றின் டி.என்.ஏ. முழுவதும் படிக்கப்பட்டது. அதன் ஜீன்களுள் பாதிக்கு மேற்பட்டவை அதுவரை அறிவியல் காணாதவையாக இருந்தன.