வெளி வன்தட்டும் அதன் மின்தேவையும்

ஓலைச்சுவடிகளைக் கறையான் அரித்த வரலாற்றை நாம் படித்திருக்கிறோம். இன்றைய சுவடியாகிய வன்தட்டிற்கும் ஆபத்துகள் உண்டு என்பதைச் சென்ற பருவத்தில் அனுபவத்தால் அறிந்தேன். அதனை மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வேட்டிற்காக என் பாட்டி பாடிய நடவுப் பாடல்களைக் கைபேசியில் பதிவு செய்து, வெளி வன்தட்டு ஒன்றிற்கு மாற்றினேன். இடம் போதாமையால் கைபேசியில் இருந்தவற்றை அழித்துவிட்டேன். தை மாதத்தில் பாட்டி காலமானார். சில வாரங்கள் கழித்து அத்தட்டை மடிக்கணினியில் இணைத்தபோது 'டிக், டிக்' என்ற ஒலி மட்டுமே கேட்டது. திரையில் ஒன்றும் தோன்றவில்லை.

பதறிப்போய் எங்கள் இயற்பியல் பேராசிரியரிடம் ஓடினேன். "இதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?" என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி. நான் அதுவரை அதை எண்ணிப் பார்த்ததே இல்லை.

அவர் விளக்கியது இது: யுஎஸ்பி 2.0 துளை 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட் வழங்கும். யுஎஸ்பி 3.0 துளை 900 மில்லி ஆம்பியர், அதாவது 4.5 வாட் வழங்கும். பாரம் ஏற்றிய வண்டியை நகர்த்தத் தொடங்கும்போதுதான் மாடுகள் மிகுதியாக முக்கி இழுக்க வேண்டும். உருளத் தொடங்கிவிட்டால் எளிது. வன்தட்டும் அவ்வாறே. சுழலத் தொடங்கும் நொடிகளில் பல தட்டுகளின் தேவை 1 ஆம்பியரை நெருங்கும். நானோ அதனைத் தனி மின்சாரம் இல்லாத ஹப் ஒன்றில், மௌசுடனும் பென்டிரைவுடனும் செருகியிருந்தேன். ஒரு துளையின் மின்சாரத்தை மூன்று கருவிகள் பங்கிட்டுக்கொண்டன!

பேராசிரியர் ஹப்பை நீக்கி, குட்டையான கம்பியால் யுஎஸ்பி 3.0 துளையில் நேரடியாக இணைத்தார். தட்டு சுழன்றது. பாட்டியின் குரல் ஆய்வகத்தில் ஒலித்தது.

இனி, தட்டு வாங்க விரும்புவோர் கருதத்தக்கவை:

1. 2.5 அங்குலத் தட்டிற்குக் கணினித் துளையின் 5 வோல்ட் போதும். பையில் எடுத்துச் செல்லும் நமக்கு இதுவே ஏற்றது.

2. 3.5 அங்குலத் தட்டிற்கு 12 வோல்ட்டும் வேண்டும். எனவே தனி அடாப்டர் உண்டு. மின்வெட்டு நேர்ந்தால் மடிக்கணினி பேட்டரியில் ஓடும்; தட்டோ எழுதும்போதே நின்றுவிடும். முனை பொருந்துகிறதே என்று மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டரை அதில் செருகுதல் கூடாது.

3. எஸ்எஸ்டி வகையில் சுழலும் உறுப்பு இல்லை. கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும். விலைதான் அதிகம்.

4. 1 டெராபைட் தட்டை விண்டோஸ் 931 என்று காட்டினால் ஏமாற்றப்பட்டதாக எண்ண வேண்டாம். உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாகவும், விண்டோஸ் 1024 ஆகவும் பெருக்குவதே காரணம்.

போதிய மின்சாரம் கொடுத்தும் 'டிக்' ஒலி நீடித்தால், அது உள்ளுறுப்பின் பழுதாக இருக்கலாம். மீண்டும் மீண்டும் முயலாமல் உடனே கழற்றிவிடுதல் நலம்.

அன்று மாலையே பாடல்களை மேலும் இரண்டு இடங்களில் படியெடுத்தேன். ஒன்று என்னிடமும், ஒன்று துறையிலும், ஒன்று ஊரில் அம்மாவிடமும் உள்ளன. நண்பர்களே, எவ்வளவு நல்ல தட்டாயினும் அது ஒரே படிதான். இன்றே இன்னொன்று எடுத்து வையுங்கள்.